பிரபுவின் தம்பியும் என் தம்பியும்

2023 ஆகஸ்ட் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். கல்வராயன் மலைப் பக்கம் கருத்துக் கிடந்தது. கள்ளக்குறிச்சிக்குள் ஒரு துளி விழவில்லை. ஆடிக் காற்றும் அன்று பார்த்து நின்றுவிட்டிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் இறந்து அன்று ஐந்தாவது நாள்.

அந்த அச்சகம் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. எங்களுக்காகத் திறந்தார்கள். இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, அண்ணனின் கருமாதிப் பத்திரிகை, நானூறு பிரதிகள். இன்னொன்று, நான் எழுதிய புத்தகம், நூற்றுப் பன்னிரண்டு பக்கம், முந்நூறு பிரதிகள். புத்தகத்தின் கடைசித் திருத்தம் பார்க்க வேண்டியிருந்தது. பத்திரிகையில் யார் யார் பெயர் வர வேண்டும் என்று அண்ணனின் மூத்த மகன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவன் நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். வீட்டில் படித்தவன் நான் என்பதால் வாசகத்தைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தான்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தினேன். எம்.ஏ. படித்தபோது என் கட்டுரைக்குக் கிடைத்த தலைப்பு, இடைக்கால இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பிரபு. நானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் அந்த ஆள் என்னை விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பதினாறு வருடம் உட்கார்ந்து, அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதி முடித்தேன். ஏழு நோட்டுப் புத்தகங்கள். யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை என்னிடம் இதுவரை பத்தொன்பது பேர் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பிரபுவுக்குச் சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். அந்த நாட்டு வழக்கப்படி, தகப்பனில்லாத வாரிசையும் அவன் நிலத்தையும் அரசன் வேறொரு பிரபுவிடம் ஒப்படைத்தான். சும்மா அல்ல, விலைக்கு. வாங்கிய பிரபு பையனைத் தன் கோட்டையில் வைத்து வளர்த்து, மீசை முளைக்கும் முன்பே தன் மகளைக் கட்டிவைத்தார். அந்த மனைவி பிரசவத்தில் இறந்தாள். இரண்டாவது மனைவி ஒரு விதவை. அவளோடு வந்தது மூன்று கிராமங்களும் ஒரு மாமியாரும். இதையெல்லாம் விட என்னைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு விஷயம். அவருடைய அப்பாவுக்கு முறையான மனைவியிடம் பிறந்த பிள்ளைகள் எட்டு. ஒன்பதாவதாக ஒருவன், அவர்கள் நிலத்தில் மாவரைக்கும் ஆலை நடத்தியவனின் மகளிடம் பிறந்தவன். பிரபு பெரியவரானதும் செய்த முதல் காரியம், அந்தத் தம்பியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்ததுதான். கோட்டையின் மேற்பார்வை, நிலம், மேசையில் தனக்கு அடுத்த இடம் எல்லாம் கொடுத்தார். குடும்பச் சின்னத்தைக் கேடயத்தில் போட்டுக்கொள்ளவும் உரிமை கொடுத்தார். ஆனால் அந்த நாட்டு விதிப்படி, அப்படிப் பிறந்தவன் கேடயத்தில் சின்னத்தின் குறுக்கே ஒரு பட்டை விழும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் தெரிந்துவிடும், இவன் யார் என்று. அந்தப் பட்டையைப் புகழ்ந்து நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். உண்மையை மறைக்காமல் உரிமையையும் கொடுத்த ஏற்பாடு என்று எழுதியிருந்தேன்.

அன்று காலை அச்சக உரிமையாளர் கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், எழுத்துல ஒம்போது புள்ளைன்னு போட்டுருக்கறீங்க. வம்ச மரத்துல எட்டுதான் வந்துகினு இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. நான் வரைந்து கொடுத்ததில் ஒன்பது இருந்தது. "ஒன்பதாவது எங்கே?"

"அதுக்குக் கோடு எங்கேருந்து இழுக்கறதுன்னு தெரியல சார். பொண்டாட்டி கட்டத்துலேருந்து இழுத்தா தப்பாயிடும். அதான் எடுத்துட்டன்."

"எடுக்க நீ யாருய்யா? பிறந்தவன் பிறந்தவன்தானே? அப்பா கட்டத்திலிருந்து புள்ளி புள்ளியாகக் கோடு போடு. அவன் இல்லாமல் இந்தப் புத்தகமே இல்லை."

குரல் உயர்ந்துவிட்டது. எழுபத்துநாலு வயதில் எனக்கு எளிதாக உயருவது குரலும் ரத்த அழுத்தமும்தான். அவர் புள்ளிக் கோட்டைப் போட்டு, ஒன்பதாவது கட்டத்தை ஒட்டவைத்தார். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அப்போது மணி ஒன்பது ஐம்பது.

பத்து நிமிடம் கழித்துக் கருமாதிப் பத்திரிகை வந்தது. 'இங்ஙனம்' என்ற இடத்துக்குக் கீழே மகன்கள் இரண்டு, மருமகள்கள் இரண்டு, தம்பி ஒன்று, தங்கை ஒன்று, பேரப்பிள்ளைகள் ஐந்து. அந்தத் தம்பி நான்தான். எண்ணிப் பார்த்து, சரி என்று சொன்னேன். பேனாவை எடுத்தேன்.

வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் அரசுப் பேருந்தின் நடத்துநர். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அவர் என் அப்பாவின் மகன்.

அதை நான் எழுத்தில் எழுதுவது இதுதான் இரண்டாவது முறை. முதல் முறை எழுதியதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் அப்பாவுக்குச் சின்னசேலம் பக்கத்தில் பதினான்கு ஏக்கர் நிலம். அதோடு மலையிலிருந்து புளியும் கடுக்காயும் வாங்கி ரயிலில் ஏற்றி அனுப்பும் வியாபாரம். வாரத்தில் இரண்டு நாள் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் தங்குவார். அங்கே புளி உடைக்கும் கூலிவேலைக்கு வந்த ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தினார். அவர்களுக்கு ஒரு மகன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். இது எங்கள் வீட்டில் அம்மா உட்பட எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்பா இறந்தபோது அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது. சுடுகாட்டுப் பாதையில் புளியமரத்தடியில் நின்றிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அப்போதே நான் ஆசிரியர்.

பிறகு ஆறு வருடம் எனக்கு வெள்ளிமலையில் வேலை. திங்கள் காலை ஏறினால் வெள்ளி மாலை இறங்குவேன். கடைசி இரண்டு வருடம் அதே பேருந்தில் அவர் நடத்துநராக வந்தார். வளைவுகளில் கம்பியைப் பிடிக்காமலே நின்று சீட்டுக் கிழிப்பார். என்னிடம் வரும்போது மட்டும், "சார், வெள்ளிமலையா?" என்று கேட்பார். வேறெங்கே போவேன்? சில்லறை சரியாகக் கொடுப்பேன். நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பயணங்களில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். அதே பேருந்தில் மடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பிரபு தன் தம்பியைத் தேடிப்பிடித்த கதையைக் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த முட்டாளை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அச்சகத்து வாசலில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. என் அண்ணன் மகனைப் பார்த்துத்தான் பேசினார்.

"பத்திரிகை அடிக்கறாங்கன்னு கேள்விப்பட்டன் தம்பி. என் பேரையும் சேத்துக்கினா நல்லா இருக்கும். கடைசியில போட்டாலும் சரி."

அவன் சிரித்தான். "இன்னா கண்டக்டரே, பஸ்ஸு ஃபுல்லு. நின்னுகினு வர்றீங்களா?"

"நிக்கறது எனக்குப் பழக்கந்தான் தம்பி."

"எங்க அப்பாவுக்குத் தம்பி ஒருத்தருதான். அதோ, ஃபேனுக்குக் கீழ உக்காந்துகினு இருக்கறாரே, அவரு. வேணும்னா அவரக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அச்சக உரிமையாளரும் பார்த்தார். அவர் திரையில் ஒன்பதாவது கட்டம் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. நான் மடியில் கிடந்த புத்தகத் தாள்களைப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி இரண்டு முறை விழுந்திருந்தது. ஒன்றை அடித்தேன்.

"சரி தம்பி, வர்றன்" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பத்திரிகையில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது டீக்கடை ஓரமாக அவர் நின்றிருந்தார். எனக்காகத்தான். நிலத்துக்காக வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டார். அப்பாவின் சொத்து பாகப்பிரிவினை ஆகி நாற்பது வருடம் ஆகிறது, அதில் தனக்கு ஒரு சென்ட் வேண்டாம், எழுதிக் கொடுக்கவும் தயார் என்றார். விஷயம் அவருடைய ஒரே மகள். நர்சிங் படித்து, சின்னசேலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பையன் பார்த்துப் பேசி முடித்தாகிவிட்டது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது. ஆவணியில் நிச்சயம், கச்சிராயபாளையத்தில் மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் பையனின் அப்பா ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: உங்களுக்குப் பங்காளிகள் யார்?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. பங்காளி இல்லாதவனுக்குக் குலதெய்வம் இல்லை, தீட்டு இல்லை, முறை இல்லை. அவன் வானத்திலிருந்து விழுந்தவன். அதை வாயால் சொல்லி நிரூபிக்கவும் முடியாது. கருமாதி அன்று ஏரிக்கரையில் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்து தலைமுடி எடுத்துக்கொள்வார்களே, அந்த வரிசையில் யார் உட்கார்ந்தானோ அவன் பங்காளி. ஊரே பார்க்கும்.

"காரியத்துக்கு வாங்க, எங்க அண்ணனுங்க வூட்டு ஆளுங்க எல்லாம் இருப்பாங்க, பாத்துக்கங்கன்னு சொல்லிட்டன் சார்" என்றார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த வரிசையில ஒரு எடம். பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாது."

நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பத்து இருபது வண்டிக்கு ஓடினார்.

அன்று இரவு எனக்கு எரிச்சலில் சோறு இறங்கவில்லை. மறுநாள் நைனார்பாளையம் போய் அண்ணியிடம் பேசினேன். அண்ணி மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். மகன்கள் இருவரும் நின்றிருந்தார்கள். வரிசையில் உட்காரவைத்தால் நாளைக்கு அதையே போட்டோ எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான் என்றான் பெரியவன். அவர் எழுதிக் கொடுக்கத் தயார் என்றேன். எழுதிக் கொடுக்கிறவன்தான் கேஸ் போடுவான் என்றான் சின்னவன். இவர்களுக்குச் சட்டம் கற்றுக்கொடுத்தது யார் என்று தெரியவில்லை. நான் கத்தினேன். பிரபு என்ன செய்தார் தெரியுமா என்று அங்கேயும் ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணி கையைத் தூக்கினார். "தம்பி, போதும் நிறுத்துங்க. ஊரு பேரு தெரியாத வெள்ளக்காரன் வூட்டுல எத்தினி புள்ள, எந்தப் புள்ள யாருக்குப் பொறந்துச்சுன்னு பதினாறு வருஷமா எழுதிகினு இருக்கறீங்க. உங்க அப்பன் வூட்டுக் கணக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? எம் புருஷன் பொணம் கெடந்தப்ப அந்த ஆளு வந்தாரு. ரோட்டு மேலயே நின்னாரு. நான் பொம்பள, எழுந்து போயி கூப்புட முடியாது. நீங்க கூப்ட்டீங்களா?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"வந்து உக்காந்து தலை எடுத்துக்கட்டும். நான் வேணான்னு சொல்ல மாட்டன். ஆனா எம் புள்ளைங்க அடிச்ச பத்திரிகையில கை வைக்காதீங்க."

இதோடு விட்டிருக்க வேண்டும். அண்ணி சொன்னதே பெரிய காரியம். வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான் அவர் கேட்டது. அது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. நானூறு பத்திரிகையில் தம்பி ஒருவன் என்று என் கையெழுத்தோடு அச்சாகிப் போயிருக்கிறது. அது தவறான தகவல். தவறான தகவல் என் பெயரில் ஊரில் சுற்றக் கூடாது. பத்தாம் தேதி, வியாழக்கிழமை, அச்சகத்துக்குப் போய், என் செலவில் இருநூறு பத்திரிகை தனியாக அடிக்கச் சொன்னேன். தம்பிகள் என்று போட்டு முதலில் என் பெயர். இரண்டாவதாக அவர் பெயர். அதற்குப் பக்கத்தில், யாருக்கும் குழப்பம் வரக் கூடாது என்று ஒரு வரி: 'எங்கள் தந்தையாரின் இரண்டாம் தாரத்து மகன்.'

அச்சக உரிமையாளர் தட்டச்சு செய்துவிட்டுத் தயங்கினார். "சார், தம்பின்னு மட்டும் போட்டா போதாதா? இந்த வரி எதுக்கு?"

"வெறும் தம்பி என்றால், இத்தனை வருடம் எங்கே இருந்தான் என்று கேட்க மாட்டார்களா? உள்ளதை உள்ளபடி போடு."

"இல்ல சார், கல்யாணம் பேசிகினு இருக்கற எடம்னு சொன்னீங்க…"

"உனக்கு வரலாறு தெரியுமா?" என்றேன். பாவம், அவர் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அறுபத்தொரு பத்திரிகைகளைத் தபாலில் அனுப்பினேன். அதில் ஒன்றை ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் பையன் வீட்டுக்கும் அனுப்பினேன். அவர்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கி, நானே என் கையால் எழுதினேன். மரியாதை செய்கிறோம் என்ற நினைப்பு. பிரபு கேடயத்தைக் கொடுத்தபோது இப்படித்தான் நினைத்திருப்பார் என்றுகூடத் தோன்றியது. எத்தனை திமிர்!

ஆகஸ்ட் பதினேழு, காலை ஏழே முக்கால். இரவு தூறிய ஈரம் ஏரிக்கரையில் இருந்தது. சவரத் தொழிலாளி இருவர் வந்திருந்தார்கள். அண்ணன் மகன்கள் இருவரும் முதலில் உட்கார்ந்து எழுந்தார்கள். அடுத்து வயதில் மூத்தவன் நான். என் தலையில் எடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு நிமிடத்தில் முடிந்தது. வரிசையில் மொத்தம் பதினைந்து பேர். அவர் கடைசியில் போய் உட்காரப் பார்த்தார். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, எனக்கு அடுத்த இடத்தில் உட்காரவைத்தேன். ஐம்பத்தொன்பது வருடத்தில் அவர் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் மகன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணியின் வார்த்தை அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது.

அவர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக் கத்தியை வைத்தார்கள். இடது பக்கம் பாதி இறங்கியிருந்தது. அப்போது ரிஷிவந்தியம் பக்கத்து ஆட்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். ஏழு பேர். பையனின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், என் வயதுக்குச் சற்றுக் குறைந்தவர், வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். நேராக என்னிடம் வந்தார். கையில் நான் அனுப்பிய பத்திரிகை.

"சார், நீங்க வாத்தியாரு. பொய் சொல்ல மாட்டீங்கன்னு சம்பந்தியே சொல்லிகிறாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறன், தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல ரெண்டாந்தாரம்னு போட்டுருக்குது. உங்க அப்பா முறையா தாலி கட்டினவங்களா அந்த அம்மா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினைந்து பங்காளிகள், இரண்டு சவரத் தொழிலாளிகள், வேனில் வந்த ஏழு பேர், படித்துறையில் நின்ற பெண்கள். 'ஆமாம்' என்பது மூன்று எழுத்து. அதைச் சொல்லியிருந்தால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்ட குரலே அப்படித்தான் இருந்தது. ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்றுதான் கேட்டார்.

நான் சொன்னேன்: "அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை."

"அப்ப கட்டலைங்களா?"

"கட்டவில்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது."

முப்பத்தொரு வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவனின் பதில். பையனின் அப்பா பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரிங்க" என்றார். சம்பந்தியாக வேண்டியவரின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். ஏழு பேரும் வேனில் ஏறினார்கள். கருமாதிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கை நனைக்காமல் போனால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்.

சவரத் தொழிலாளி கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "எடுக்கறதா, வுடறதா?"

என் தம்பி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பக்கம் வழுவழுவென்று இருந்தது; மறு பக்கம் நனைந்த முடி காதில் ஒட்டியிருந்தது. "எடுப்பா" என்றார். "பாதியில எறங்கி எங்க போறது?"

மீதியை எடுத்து முடிக்க ஆறு நிமிடம் ஆனது. அதற்குள் அண்ணனின் மூத்த மகன் என் பின்னால் வந்து நின்று மெதுவாகக் கேட்டான்: "ஆதாரம் இல்லாமதான் இருநூறு பத்திரிகை அடிச்சீங்களா சித்தப்பா?"

அவனை அறையலாம் போல இருந்தது. கேட்டது சரிதான் என்பதால் இன்னும் அதிகமாக.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பதினாறு வயதில், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பாவைக் கூட்டிவர என்னைக் கச்சிராயபாளையத்துக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார்; ஆணியில் அவர் சட்டை, ஒரு தூளி. அந்த அம்மா குனிந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு வெளியே வந்து தொங்கியது. நான் பார்த்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எப்படி எண்ணாமல் விட்டேன்? திரும்பி வந்து அம்மாவிடம், "அப்பாவைப் பார்க்க முடியலம்மா, மலைக்குப் போயிட்டாராம்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அப்பாவுக்காகப் பதினாறு வயதில் வந்த பொய், அப்பாவின் மகனுக்காக எழுபத்துநாலு வயதில் வரவில்லை. கயிறு இருந்ததே தவிர, கட்டியவர் யார் என்று கயிறு சொல்லாது என்று அப்போதும் என் புத்தி வாதாடிக்கொண்டு வந்தது. அந்தப் புத்தியை ஏரியில் தள்ளியிருக்கலாம்.

மூன்று தடவை கச்சிராயபாளையம் போனேன். முதல் தடவை வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை மகள் வந்து கதவைத் திறந்தாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். "அப்பா டூட்டிக்குப் போயிட்டாருங்க" என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. என்ன உறவு சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க எனக்கும் வாய் வரவில்லை. கையில் கொண்டுபோயிருந்த என் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல்தான். அது எவ்வளவு கேவலம் என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் தடவை, செப்டம்பரில், அவர் இருந்தார். மொட்டைத் தலையில் முடி அரை விரல் வளர்ந்திருந்தது. வாசலிலேயே நாற்காலி போட்டார். டீ வந்தது.

"படிச்சன் சார், ரெண்டு டிரிப்புக்கு நடுவுல" என்றார். "அந்தப் பெரிய மனுஷன் தம்பிக்கு நெலம் குடுத்தாரு, வூடு குடுத்தாரு, கேடயம் குடுத்தாருன்னு எல்லாம் கரெக்ட்டா எழுதிகிறீங்க. ஒண்ணு மட்டும் இல்ல. தம்பிக்காக நாலு பேரு எதுக்க ஒரு பொய்யாவது சொன்னாரா, இல்லையா? அத எழுதலையே."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது எந்த ஆவணத்திலும் இருக்காது என்று சொல்ல வந்து, நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன்.

"குறுக்குப் பட்டை போட்டுக் குடுத்தாருன்னு ரெண்டு பக்கம் எழுதிகிறீங்க. அத வாங்கினவன் இன்னா நெனச்சான்னு ஒரு வரி இல்ல சார்."

டீயை ஒரு வாய் குடித்தேன். பையனுக்கு வேறு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பெண் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் டூட்டிக்குப் போனாளாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'ஏண்டா கிழவா, என் பெண் வாழ்க்கையைக் கெடுத்தாய்' என்று ஒரு தடவை கத்தியிருக்கலாம். கத்துவதற்குக்கூட உரிமை வேண்டும் போலிருக்கிறது. அந்த உரிமையை நாங்கள் அவருக்குக் கொடுக்கவே இல்லை.

மண்டபத்து முன்பணம் திரும்பவில்லை என்று வேறு ஆள் மூலம் எனக்குத் தெரியும். அதையும், நிச்சயத்துக்கு எடுத்த புடவையின் விலையையும் சேர்த்து ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சீட்டுக் கிழிக்காம காசு வாங்கற பழக்கம் எனக்கில்ல சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த நிலையிலும் 'சார்'தான். டீ டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் உறையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, அவர் இல்லாத வண்டியாகப் பார்த்து ஏறினேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். கணக்குப் போட்டே பழகிவிட்ட கை. இருநூறு பத்திரிகை ஆயிரத்து எண்ணூறு. தபால்தலை முந்நூற்று ஐந்து. ஏரிக்கரைக்கு ஆட்டோ நூற்று ஐம்பது. இரண்டு தலைக்குச் சவரக்கூலி முந்நூறு. அதை மட்டும் நான் கொடுக்க அவர் விட்டார். கச்சிராயபாளையத்துக்கு மூன்று தடவை போகவர நூற்று இருபது. இதற்கு மேல் யாரும் என்னிடமிருந்து எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த எனக்கு ஆன மொத்தச் செலவு இரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய்.